ஒஸ்லோவில் ஒரு நீதிபதி

ஒஸ்லோ நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்தபோது அவரைக் கண்டேன். கறுப்பினப் பெண் ஒருவர் நீதிபதி ஆசனத்தில் அமர்ந்து அதற்கு முன் நாங்கள் பார்த்ததில்லை. நரைமுடியை ஒட்ட வெட்டியிருப்பார். சாட்சி பேசத் தொடங்கினால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முகத்தையே பார்ப்பார்.

கணவன் அடித்த வழக்கில் சாட்சி சொல்ல வந்த யாழ்ப்பாணத்துப் பெண் ஒருநாள் என்னிடம் கேட்டாள்: "அண்ணை, நீதவான் இன்னும் வரேல்லையோ?"

நீதிபதி எங்கள் முன்னால்தான் இருந்தார். எனக்குக் கூச்சமாகிவிட்டது.

"என்ன கேட்டார்? ஒன்றும் விடாமல் சொல்லுங்கள்," என்றார் நீதிபதி.

சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நானும் நீதிபதி என்றால் வேறு மாதிரி இருப்பார் என்றுதான் நினைத்தேன். நான்தான் நீதிபதி. அவசரமில்லை, ஆறுதலாகச் சொல்லட்டும்."

அதைத் தமிழில் சொன்னதும் அந்தப் பெண் கண்ணைத் துடைத்தாள். "அப்ப நான் எல்லாத்தையும் சொல்லுறன் அண்ணை." பொலிசிடம்கூடச் சொல்லாததை அன்று சொன்னாள்.

சனிக்கிழமைகளில் அந்த நீதிபதி நகரின் ட்வெய்ட்டா பகுதியில், வெளிநாடுகளிலிருந்து குடியேறிய பெண்களுக்குச் சட்டம் விளக்குவதாகக் கேள்விப்பட்டு ஒருநாள் போனேன். எல்லாரும் போனபின் தனியே கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நானும் சேர்ந்துகொண்டேன். எத்தனையோ நீதிபதிகளின் பேச்சை மொழிபெயர்த்திருக்கிறேன். வேறு யாரோடும் கதிரை தூக்கியதில்லை.