பூசணிக்காய் அளவுக் கட்டி

அந்த அறுவை சிகிச்சை நிபுணருக்குச் சினைப்பைக் கட்டிகளில் நான்கு வகைதான் தெரியும்: எலுமிச்சை, சாத்துக்குடி, தேங்காய், பூசணிக்காய். கேலிக்காகச் சொல்லவில்லை. என் பரிசோதனைக் கூடத்துக்கு அவர் அனுப்பும் சீட்டுகளில் அப்படித்தான் எழுதுவார். "ஓவரி கட்டி, தேங்காய் சைஸ்." அதற்குமேல் ஒரு வார்த்தை இருக்காது. நோயாளிக்கு என்ன வயது, மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, கட்டி இடப்பக்கமா வலப்பக்கமா, எதுவும் இருக்காது. சந்தையில் கத்திரிக்காய் வாங்குகிறவர்கள் இதைவிட அதிகமாக விசாரிப்பார்கள்.

எழுபதுகளின் பிற்பகுதி. என் கணவருக்குத் திருவண்ணாமலையில் கல்லூரி ஆசிரியர் வேலை கிடைத்தது. சென்னையில் நோயியல் படித்து முடித்திருந்த நானும் கூடவே வந்து, தேரடித் தெருவில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் கூடம் வைத்தேன். ஒரு மைக்ராஸ்கோப், மெழுகு உருக்கும் அடுப்பு, திசுவை மெல்லிசாகச் சீவும் பழைய கருவி, இவ்வளவுதான் என் சொத்து. ஊர் டாக்டர்களுக்கு நான் 'மூத்திர டெஸ்ட் அம்மா'. வெட்டி எடுத்த சதையைச் சோதித்துப் பார்ப்பது அவர்களுக்கு வீண் செலவு. எடுத்தாயிற்றே, இனி என்ன? பெரும்பாலான கட்டிகள் கொல்லைப்புறக் குழிக்குப் போயின.

நமது நிபுணர் குழியில் போடமாட்டார், காட்சிக்கு வைப்பார். ஊரிலேயே பெரிய நர்சிங் ஹோம் அவருடையது. அதன் முன்கூடத்தில் சாமி படங்களுக்குக் கீழே ஒரு மர அலமாரி உண்டு. மிட்டாய்க்கடைக் கண்ணாடி ஜாடிகளில் அவர் எடுத்த கட்டிகள் மிதக்கும். காத்திருக்கிற கிராமத்து ஜனங்கள் அதைப் பார்த்து, "ஐயோ சாமி, இத்தாம் பெருசா!" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். நெற்றி நிறைய விபூதியோடு அவர் அதைக் கண்டும் காணாத மாதிரி நடந்து போவார். வெட்டுவதில் கை சுத்தம், அதை மறுக்கமாட்டேன். வெட்டியது என்னவென்று தெரிந்துகொள்ளும் ஆசைதான் கடுகளவும் கிடையாது.

சினைப்பை ஒரு சின்ன உறுப்பு. பாதாம் பருப்பைவிடக் கொஞ்சம் பெரிசு. அதில் வருகிற அளவுக்கு விதவிதமான கட்டிகள் உடம்பில் வேறெங்கும் வருவது அபூர்வம். அதன் மேலுறையிலிருந்து கிளம்புபவை உண்டு. முட்டையாக வேண்டிய செல்லிலிருந்து கிளம்புபவை உண்டு, அவற்றில் சிலவற்றை அறுத்தால் உள்ளே முடியும் பல்லும்கூட இருக்கும். ஹார்மோன் சுரக்கும் திசுவிலிருந்து வருபவை வேறு. வயிற்றிலோ குடலிலோ தோன்றி இங்கே வந்து குடியேறுபவை வேறு. எங்கே பிறந்தது, எப்படி வளர்கிறது என்று பார்த்துத்தான் பெயர் வைக்கிறோம். அந்தப் பெயரைப் பொறுத்துத்தான் ஒருத்தி பிழைப்பதும் சாவதும். அளவுக்கும் ஆபத்துக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. எலுமிச்சை கொன்றுவிடும், பூசணிக்காய் சும்மா தண்ணீர்ப் பையாக இருக்கும்.

அந்தப் பெண்ணுடையது பூசணிக்காய். கீழ்பென்னாத்தூர் பக்கம், கடலை பயிரிடும் குடும்பம். இருபது வயது தாண்டியிருக்கும், கல்யாணமாகிக் குழந்தை இல்லை. வயிறு பெருக்க ஆரம்பித்ததும் புகுந்த வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷமாம். மாதவிலக்கு நிற்கவில்லை என்று அவள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. வளையல் வாங்கப் போனார்களாம். வயிறு யாருடையதோ அவளைத் தவிர மற்ற எல்லோருக்கும் அதைப் பற்றித் தெரிந்திருந்தது. மூச்சு விடமுடியாமல் போன பிறகுதான் நர்சிங் ஹோமுக்குக் கூட்டி வந்தார்கள்.

நிபுணர் ஒரு பக்கச் சினைப்பையோடு கட்டியை எடுத்தார். எனக்கு அனுப்பியது ஒரு பெனிசிலின் குப்பியில் கொட்டைப்பாக்கு அளவு சதை. அவ்வளவு பெரிய கட்டியில் இவ்வளவுதான்! மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். சளி சுரக்கும் மேலுறைக் கட்டி. பெரும்பாலான இடங்களில் செல்கள் ஒழுங்காக ஒற்றை வரிசையில் நின்றன. ஒரு மூலையில் மட்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நெருக்கியடித்தன. இதை வைத்துக்கொண்டு எதையும் உறுதியாகச் சொல்லமுடியாது, சந்தேகம் இருக்கிறது, முழுக் கட்டியையும் அனுப்புங்கள் என்று எழுதி அனுப்பினேன்.

அவர் 'சந்தேகம்' என்ற வார்த்தையை மட்டும் படித்திருக்கிறார். மறுநாள் அந்தப் பெண்ணின் கணவன் மாடியேறி வந்து நின்றான்.

"அம்மா, கேன்சர்னு சொல்லிட்டீங்களாமே? மறுபடி வயித்தத் தொறந்து கர்ப்பப்பை, இன்னொரு ஓவரி எல்லாத்தையும் எடுக்கணும்னு டாக்டர் சொல்றாருங்க."

"நான் கேன்சர்னு சொல்லலை. தெரியலைன்னு எழுதியிருக்கேன்."

"எடுத்துட்டா புள்ள பொறக்காதுங்களே. வீட்ல வேற பொண்ணு பாக்கலாம்னு இப்பவே பேச ஆரம்பிச்சிட்டாங்க."

"உன் சம்சாரம் என்ன சொல்லுது?"

"அதுக்கு இன்னும் சொல்லலீங்க. பயந்துக்கும்."

அவனை அடிக்கலாம் போல இருந்தது. இரண்டாம் கல்யாணம் வரைக்கும் பேசியாயிற்று, வயிற்றில் தையலோடு படுத்திருக்கிறவளுக்குச் சேதி போகவில்லை. அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டிருக்கிறான்.

சேலையைச் சரி செய்துகொண்டு நேரே நர்சிங் ஹோமுக்குப் போனேன். முன்கூடத்திலேயே என் கட்டி எனக்குத் தென்பட்டது. அலமாரியில் அடங்காததால் தரையில் ஒரு ஸ்டூல் போட்டு, இருப்பதிலேயே பெரிய ஜாடியில் வைத்திருந்தார்கள். யாரோ ஒரு புண்ணியவான் அந்த ஜாடிக்கும் சந்தனப் பொட்டு வைத்திருந்தார்.

நிபுணர் அறையில் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், அந்தக் கட்டி எனக்கு முழுசா வேணும்."

"எதுக்கும்மா? அதான் ஒரு பீஸ் வெட்டி அனுப்பினேனே."

"ஒரு பீஸ் போதாது. நல்லா இருக்கிற இடமும் கெட்ட இடமும் ஒரே கட்டியில பக்கத்துல பக்கத்துல இருக்கும். பல இடத்துல வெட்டிப் பாக்கணும். ஆபரேஷன்ல குடல்வாலைப் பாத்தீங்களா? சில சமயம் இது அங்கேருந்துகூட வரும்."

"ஓவரி கட்டிக்கு குடல்வாலை எதுக்கும்மா பாக்கணும்?" என்று சிரித்தார். "நான் எத்தனை கட்டி எடுத்திருக்கேன். கையில தூக்கினாலே தெரியும் எனக்கு. இது கேன்சர்தான். புதன்கிழமை ரெண்டாவது ஆபரேஷன் வெச்சிருக்கேன்."

கையில் தூக்கிப் பார்த்துச் சொல்வதற்கு எதற்கு மருத்துவப் படிப்பு, தராசுக் கடை வைத்திருக்கலாமே என்று நாக்கு வரை வந்தது. "அப்போ இனிமே எதையும் எனக்கு அனுப்பாதீங்க. ஏன் அனுப்பலைன்னு யாராவது கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றேன். அது அவருக்குப் பிடிக்கவில்லை. பதில் சொல்லத் தெரியாத இடத்தில் அவர் எப்போதும் பெருந்தன்மைக்குத் தாவிவிடுவார்.

"சரிம்மா, எடுத்துட்டுப் போ. ஜாடியை மட்டும் பத்திரமா திருப்பிக் குடுத்துடு."

சைக்கிள் ரிக்‌ஷாவில் ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஈரத்துணி போட்டு மூடியிருந்தும், சதையைக் கெடாமல் வைக்கும் பார்மலின் போதாமல் உள்ளே அழுக ஆரம்பித்திருந்த வாடை தெரிந்தது. ரிக்‌ஷாக்காரர் மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டே மிதித்தார். நல்லவேளை, அழுகல் நடுவில்தான் இருந்தது, சுவர்ப்பகுதி தப்பித்திருந்தது. ஒவ்வொரு விரற்கடைக்கும் ஒரு துண்டாக வெட்டி, மெழுகில் பதித்து, சீவி, சாயமேற்றினேன். நடுவே மின்சாரம் போய் மெழுகு உறைந்தது. மறுபடி உருக்கினேன். புதன்கிழமை வரும் என்று மட்டும் நினைவில் ஓடிக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு கண்ணாடித் தகடாகப் பார்த்தேன். நெருக்கியடிக்கும் செல்கள் பல இடங்களில் இருந்தன. எங்கேயும் அவை அடித்திசுவுக்குள் புகவில்லை. சாதுவான கட்டி என்றும் சொல்லமுடியாது, புற்றுநோய் என்றும் சொல்லமுடியாது. இந்த இரண்டுக்கும் நடுவே எல்லைக்கோட்டுக் கட்டி என்று ஒரு தனி வகை வைக்கவேண்டும் என்பது அந்த வருஷங்களில்தான் பரவலாக ஏற்கப்பட்டிருந்தது. இளவயதுப் பெண்ணுக்கு, கட்டி ஒரு பக்கத்தில் மட்டும் இருந்து, உடையாமல் எடுத்திருந்தால், மறுபக்கச் சினைப்பையை விட்டுவைக்கலாம். அடிக்கடி வந்து வயிற்றைக் காட்டவேண்டும், அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை நிபுணரிடம் போய்ச் சொன்னேன்.

"அதென்னம்மா நடுவுல? ஒண்ணு கேன்சர், இல்லைன்னா கேன்சர் இல்லை. கொஞ்சமா கர்ப்பம்னு யாராவது சொல்வாங்களா?"

"இருக்கு சார். புது வகைப்பாடு. புஸ்தகம் தர்றேன், படிங்க."

"புஸ்தகமெல்லாம் வெள்ளைக்காரிக்கு. நம்ம ஜனங்களை நான் முப்பது வருஷமா பாக்கறேன்."

அவர் முப்பது வருஷமாகப் பார்த்தது ஜாடிகளை. இனி அவரோடு பேசிப் பயனில்லை என்று எழுந்து, நேரே வார்டுக்குப் போனேன். மூலைக் கட்டிலில் அந்தப் பெண் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். மெலிந்த முகம், பெரிய கண்கள். கணவன் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தான். நான் யார் என்று சொன்னேன். கட்டி என்ன, நாளைக்கு என்ன செய்யப் போகிறார்கள், ஏன் அது வேண்டாம் என்று நினைக்கிறேன், எல்லாவற்றையும் அவளிடமே சொன்னேன். கஞ்சி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவள் கணவனைப் பார்த்தாள்.

"நாளைக்கு எனக்கு ஆபரேசனா?"

அவன் கஞ்சி டம்ளரை எடுத்துக்கொண்டு கழுவப் போனான்.

அவள் என்னைப் பார்த்தாள். "என் வயித்துல இருந்தத ஊரே பாத்துச்சாம். நான்தான் பாக்கல. நீங்க பாத்தத எனக்குக் காட்டுவீங்களா?"

அப்போதே ரிக்‌ஷா வைத்துக் கூட்டி வந்தேன், என் கூடத்து மாடிப்படி ஏறுவதற்கு அவளுக்கு நிறைய நேரம் பிடித்தது. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைக்கச் சொல்லிக் கொடுத்தேன். முதலில் தன் இமைதான் தெரிகிறது என்றாள். ஊதாவும் ரோஸுமாக இருக்கும் அதை அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். செல்கள் நெருக்கமாக இருக்கிற இடத்தையும், அவை தாண்டாமல் நிற்கிற எல்லையையும் நகர்த்திக் காட்டினேன்.

"இது திரும்பி வருமா?"

"வரலாம். வராமலும் போகலாம். அதனாலதான் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டணும்னு சொல்றேன். ஏமாத்தக் கூடாது."

"வராதுன்னு சொல்லிடுவீங்கனு பாத்தேன்" என்றாள். பிறகு கண்ணை எடுத்துவிட்டு, "சரிங்க. நாளைக்கு வேணாம். நான் ஊருக்குப் போறேன்" என்றாள். கணவன், "டாக்டர் கோச்சுக்குவாரே" என்றான். "நீ வேணா படுத்துக்கோ அந்த டேபிள் மேல" என்றாள் அவள். அந்த ஊரில் நான் கேட்ட மிகச் சரியான மருத்துவ ஆலோசனை அதுதான்.

நிபுணர் என்னிடம் ஒரு வருஷம் பேசவில்லை, கட்டியும் அனுப்பவில்லை. என் வருமானம் கம்மியானது, மனநிம்மதி ஜாஸ்தியானது. அந்தப் பெண் சொன்னபடி வந்தாள். திருவண்ணாமலையில் ஒரு பெண் டாக்டரிடம் காட்டிவிட்டு, மாடியேறி என்னையும் பார்த்துவிட்டுப் போவாள். இரண்டாம் கல்யாணப் பேச்சு எப்படியோ அடங்கிப்போனது. கணவனும் வருவான், படியிலேயே உட்கார்ந்துவிடுவான். எண்பதுகள் பிறந்த பிறகு ஒரு நாள் அவள் கர்ப்பம் என்று தெரிந்தது. இந்த முறை அவள் சொன்னதை எல்லோரும் நம்பினார்கள்.

குழந்தை பிறந்த சேதி நிபுணர் காதுக்கும் போயிற்று. ஊர் டாக்டர்கள் கூட்டத்தில், போண்டாவுக்கும் காபிக்கும் இடையில், அவர் எழுந்து பேசினார். தலைப்பு, எல்லைக்கோட்டுக் கட்டிகளில் என் அனுபவம். "இளம்பெண்ணாச்சே என்று யோசித்து, மறுபக்கச் சினைப்பையை நான் விட்டுவைத்தேன்" என்றார். கைதட்டினார்கள். அந்த நடுவகையைப் பற்றி, தானே கண்டுபிடித்த மாதிரி, விவரமாக விளக்கினார். விளக்கியதில் பாதி தப்பு. நான் எழுந்து, எத்தனை துண்டு வெட்டிப் பார்த்தீர்கள் என்று கேட்டேன். "அதுக்கெல்லாம் நம்ம ஊர்ல ஒரு அம்மா இருக்காங்க" என்று என் பக்கம் கையைக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். போண்டாவில் உப்பு இல்லை. பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த முறை அவள் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தபோது, பொறுக்கமுடியாமல் இதைச் சொன்னேன். அவளுக்குக் கோபமே வரவில்லை.

"சொல்லிக்கட்டும் விடுங்க. தீபத்தன்னிக்கு கோயில்ல என்னைப் பாத்துட்டு, 'என்னம்மா, என் பேரன் எப்படி இருக்கான்'னு கேட்டாரு. யாருங்க நீங்கனு கேட்டேன்."

நான் சிரித்த சிரிப்பில் குழந்தை மிரண்டு அழுதது. அழுகையோடு மூக்கும் ஒழுகியது. "ரெண்டு நாளா சளிங்க, பாருங்க" என்று அவனை என் மேஜைமேல் உட்கார வைத்தாள். நான் சதை பார்க்கிற டாக்டர், குழந்தை பார்க்கிற டாக்டர் இல்லை என்று எவ்வளவோ சொன்னேன்.

"எல்லாம் ஒண்ணுதானுங்களே" என்றாள்.