பத்தாவது ஜோடி

ஒரு படத்தையும் இன்னொரு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதில் என்ன இருக்கிறது, எதில் என்ன இல்லை என்று எழுதுவதற்குக் கலை ஒப்பீடு என்று பெயர். அதையே மனிதர்களை வைத்துச் செய்தால் பொறாமை என்று பெயர். முதலாவதற்கு மட்டும்தான் மதிப்பெண் போடுகிறார்கள்.

பிள்ளை பெற்ற பிறகு கல்லூரிக்குத் திரும்பிப் போனவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இரண்டாம் ஆண்டு முடிந்த கையோடு எனக்குக் கல்யாணம். பாப்பாவுக்கு ஒரு வயதும் மூன்று மாதமும் ஆனபோது, கள்ளக்குறிச்சியில் விட்ட இடத்திலேயே மறுபடி சேர்ந்தேன். பி.ஏ. வரலாறு, மூன்றாம் ஆண்டு. அந்த செமஸ்டரில் நான் பயந்த தாள்கள் இரண்டு. ஒன்று நவீன அமெரிக்க வரலாறு, இன்னொன்று கலை ஒப்பீடு. பயந்ததற்குக் காரணம் தாள்கள் மட்டுமில்லை. என்னை அனுப்பும்போது மாமியார் ஒரே ஒரு கண்டிஷன் போட்டிருந்தார். என் வீட்டுக்காரரும் சாப்பிட்டுக்கொண்டே தலையாட்டினார். அத்தை சொன்னது இது: "ஒரு அரியர் வந்தாக்கூட அத்தோட நிறுத்திக்கினு வூட்டப் பாக்கணும், ஆமா."

ஜன்னலோரம்

எங்கள் வீடு கச்சிராயபாளையத்தில். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வரும் பஸ்ஸில்தான் நான் ஏறுவேன். அதில் ஜன்னலோரம் மலர் உட்கார்ந்திருப்பாள். பக்கத்து சீட்டில் தன் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருப்பாள். என் வகுப்புதான். இருபது வயது. மலையில் பொழுது விடியும் முன்னே கிளம்புகிறவள், பின்னல் கலையாமல், துப்பட்டா மடிப்புக் கலையாமல் இருப்பாள். நான் பஸ் ஸ்டாப்புக்கு அரை கிலோமீட்டர் தூரத்திலிருந்து வருகிறவள். புடவையில் ஒரு பக்கம் கஞ்சி, ஒரு பக்கம் பாப்பாவின் மூக்கு.

நான் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் படித்தவள். கோணல் இல்லாத கூட்டெழுத்து, நிறுத்தாமல் ஆங்கிலம். மலர் மலையில் அரசு விடுதியில் தங்கித் தமிழில் படித்தவள். நியாயப்படி அவள்தான் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டும். நான் அதற்காக முதல் மாதம் முழுக்கக் காத்திருந்தேன். அவளுக்கு நேரமே இல்லை, ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வருவாள். அப்படி என்னதான் தெரிகிறது என்று நானும் எட்டிப் பார்ப்பேன். கரும்பு தெரியும். ஒரு நாள் கண்டக்டர் மலரிடம் ஒன்றுமே கேட்காமல், "காலேஜ்தானம்மா" என்று தாண்டிப் போனார். என்னிடம் நின்றார். பையைப் பார்த்தார், புடவையைப் பார்த்தார், கேட்டார்: "நீங்க எங்க, ஆஸ்பத்திரிக்கா?"

கறுப்பு

கலை ஒப்பீடு எடுக்கும் மேடம் ஒரு நாள் திடீரென்று தேர்வு வைத்தார். ஒரு தாள், அதில் இரண்டு படம், ஒப்பிட்டு எழுத வேண்டும். தாள் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் ஜெராக்ஸ் எடுத்தது. மை அப்பி, இரண்டு படமும் அமாவாசை மாதிரி இருந்தன. நாங்கள் யாரும் கலங்கவில்லை. நோட்ஸில் பதினான்காம் பக்கம் ஒரு சுவரோவியமும் ஒரு எண்ணெய் வண்ண ஓவியமும் உண்டு, வேறு எதைக் கொடுக்கப் போகிறார்? "முகத்தில் விழும் பொன்னிற ஒளி" என்று தொடங்கி இரண்டரைப் பக்கம் ஆங்கிலத்தில் ஓட்டினேன். எட்டிப் பார்த்தால் மலர் அரைப் பக்கத்தோடு பேனாவை மூடியிருந்தாள். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் காது சூடாகிறது.

அவை பதினான்காம் பக்கத்துப் படங்களே இல்லை. வகுப்பில் மலரைத் தவிர மற்ற முப்பத்தொரு பேரும் இல்லாத பொன்னிற ஒளியைப் பற்றி எழுதியிருந்தோம். மலர் மட்டும், இரண்டு படமும் கறுப்பாக இருக்கின்றன, முதல் படத்தின் இடது கீழ்மூலையில் ஒரு பாதம் தெரிகிறது, குதிகால் தரையில் படவில்லை, அதனால் இவர் நிற்கவில்லை, ஏறுகிறார் அல்லது ஆடுகிறார் என்று எழுதியிருந்தாள். அவளுக்குப் பத்துக்கு எட்டு. எனக்கு இரண்டு, அதுவும் கையெழுத்துக்காக இருக்கும். என் தாளைக் கொடுக்கும்போது மேடம் குரலை உயர்த்தவே இல்லை. "நீ படத்தப் பாக்கவே இல்லம்மா. நல்லா ஞாபகம் வெச்சிருக்க, அவ்ளோதான்."

பால் கொட்டிய அமெரிக்கா

அமெரிக்க வரலாறாவது கை கொடுக்கும் என்றிருந்தேன். மனப்பாடத்துக்கு மரியாதை தரும் பாடம். 1930களில் பொருளாதாரம் படுத்துப்போன பெருமந்த காலத்தில் நகரத்தில் ரொட்டிக்கு வரிசை நிற்க, கிராமத்தில் விவசாயிகள் ஏன் பாலை ரோட்டில் கொட்டினார்கள் என்று ஒரு கேள்வி. பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நடந்து நடந்து உரு அடித்தேன். மிகை உற்பத்தி, நுகர்வுக் குறைவு, விலைச் சரிவு. எட்டாவது தடவை சொல்லும்போது, வேர்க்கடலையை, எங்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டையை, உரித்துக்கொண்டிருந்த அத்தை, பாலைக் கொட்டினது யார், எதற்கு என்று கேட்டார். தமிழில் சொன்னேன். அவர் உரிப்பதை நிறுத்தக்கூட இல்லை. பத்து மல்லாட்டை உரிக்கிற நேரத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது.

அவர் சொன்னதை அப்படியே தேர்வில் எழுதினேன். சார் அதை வகுப்பில் வாசித்துக் காட்டி, இதுதான் சொந்தமாகச் சிந்திப்பது என்றார். நானும் சொந்தமாகச் சிந்தித்தவள் மாதிரியே நின்றேன். எட்டாவது வரை படித்த அத்தைக்கு அமெரிக்காவும் வருகிறது, போதாதென்று என் பாப்பா வேறு அவரைத்தான் அம்மா என்று கூப்பிடுகிறாள். எனக்கு அவள் இன்னும் ஒரு பெயரும் வைக்கவில்லை. அன்று அத்தை சொன்னது: "இதுக்கு எதுக்கும்மா அமெரிக்கா வரைக்கும் போய்க்கினு? நம்ம கொல்லையில ரெண்டு வருசம் முன்ன மரவள்ளியப் புடுங்காமயே வுட்டமே, புடுங்கற கூலிக்குக்கூட கட்டாதுன்னு, அதான இது."

மடிக்கு வந்தது

கலை ஒப்பீட்டில் ஆல்பம் ஒன்று கொடுக்க வேண்டும். பத்து ஜோடிப் படங்கள், ஒவ்வொன்றின் கீழும் எழுத்து. பத்தாவது ஜோடிக்குத்தான் மார்க் ஜாஸ்தி. அதில் ஒரு படமாவது நாமே தேடி எடுத்ததாக இருக்க வேண்டும். நான் திருக்கோவிலூர் வரை போய், கோயில் வாசலில் இரண்டு பக்கமும் நிற்கும் துவாரபாலகர்களைப் படம் எடுத்து ஒட்டினேன். ஒற்றுமை பதினொன்று கிடைத்தது. வேற்றுமை என்று பார்த்தால் ஒருவர் இடப்பக்கம், ஒருவர் வலப்பக்கம். அதையே எழுதினேன்.

ஆல்பம் கொடுக்க வேண்டிய நாளில் பஸ் பிதுங்கியது. நான் ஏறியபோது மலர் தன் சீட்டை மூட்டையோடு வந்த ஒரு அம்மாளுக்குக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள். எனக்கு வேறொரு வரிசையில் இடம் கிடைத்தது. எங்கள் பஸ்ஸில் உட்கார்ந்தவர் மடி நிற்பவர்களுக்குச் சொந்தம். இரண்டு தூக்குப் பை, ஒரு கீரைக்கட்டு, அதன் மேல் மலரின் ஆல்பம் என்று என் மடிக்கு வந்து சேர்ந்தன. பிரிக்காமல் இருந்திருக்கலாம். பிரித்தேன். ஒன்பது ஜோடிகளைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. பத்தாவதில் இடப்பக்கம், பெருமந்த காலத்து அமெரிக்காவில் ரொட்டி வரிசையில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கும் ஒருத்தி. வலப்பக்கம் நான்.

கச்சிராயபாளையம் பஸ் ஸ்டாப். பஸ் ஜன்னலிலிருந்து செல்போனில் எடுத்தது. பாப்பாவை அத்தையிடம் கொடுத்துவிட்டு நிற்கிறேன். கீழே மலரின் உருண்டைத் தமிழ் எழுத்து: "முதல் படத்தில் தாய் குழந்தையைப் பிடித்திருக்கிறாள். இரண்டாம் படத்தில் தாய் குழந்தையைக் கொடுத்துவிட்டாள். ஆனால் இருவரின் இடது கையும் ஒரே வளைவில் இருக்கிறது." என்னைக் கேட்காமல் எடுத்த படம், இது வகுப்பெல்லாம் சுற்றி வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று ஒரு பயம் வந்தது உண்மை. அதைவிட உண்மை, பெற்றவள் நான், தினமும் கொடுத்துவிட்டு வருகிறவள் நான், என் கை அப்படி நிற்பது எனக்குத் தெரியாது, ஜன்னலோரம் உட்கார்ந்தவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஆல்பத்தின் தாள்களைச் சேர்த்துப் பிடிக்கும் முதுகுக் குச்சியை உருவி, அந்த ஒரு தாளை மட்டும் எடுத்து என் அமெரிக்க வரலாற்று நோட்டுக்குள் வைத்தேன். குச்சியைத் திரும்பச் சொருகினேன். இறங்கும்போது ஆல்பத்தைக் கையில் வாங்கிக்கொண்டு மலர் கேட்டாள்: "கனமா இருந்துச்சாக்கா?"

ஒன்பது

மேடம் ஒவ்வொரு ஆல்பமாக எடுத்து ஜோடிகளை எண்ணினார். மலருடையதில் ஒன்பதோடு நின்றது. மலர் கடைசித் தாளைப் புரட்டினாள், குச்சியைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், ரொம்ப நேரம் இல்லை. வரும் வழியில் எங்கோ விட்டுவிட்டேன் என்று மேடத்திடம் சொன்னாள். நாளை மதியம் வரை கெடு கிடைத்தது. சாயங்கால பஸ்ஸில் எப்போதும் போல எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். கேட்டால் சொல்ல ஒரு பொய் தயாராக வைத்திருந்தேன். அவள் கேட்கவே இல்லை.

வீட்டில் பாப்பா நோட்டை இழுத்ததில் தாள் அத்தையின் காலடியில் போய் விழுந்தது. அத்தை எடுத்துப் பார்த்தார், கீழே இருந்ததை நிதானமாகப் படித்தார். என் படிப்பு அந்த நிமிஷத்தோடு பரணுக்குப் போய்விட்டதாகத்தான் நினைத்தேன். பயத்தில் ஒன்றை மறைத்தால் இன்னொன்று வெளியே வருகிறது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், உருவி எடுத்தது உட்பட. அத்தை தாளை மடிக்காமல் என்னிடம் நீட்டினார். "உன்ன இவ்ளோ உத்துப் பாத்துகினு ஒருத்தி கூட வர்றா. அவகிட்டயா திருடுன?"

துறையில்

மறுநாள் பஸ்ஸில் தாள் என் நோட்டுக்குள்ளேயே வந்தது. வகுப்பு தொடங்கும் முன்பே துறைக்குப் போய் மேடத்திடம் தாளைக் கொடுத்து, நான்தான் எடுத்தேன் என்றேன். என் உள்மதிப்பெண்ணும் அவர் கையில்தான். அதில் கை வைத்தால் அரியர் நிச்சயம், அரியர் வந்தால் அடுப்படி நிச்சயம். இது தெரிந்தும் சொன்னேன் என்பதில் கொஞ்சம் கர்வம்கூட வந்தது. வாழ்நாளில் நான் செய்த ஒரே தைரியமான காரியம்.

அதையும் மலர் விடவில்லை. எப்போது பின்னால் வந்து நின்றாளோ, படிக்கக் கொடுத்ததே தான்தான், இரண்டு பேருக்குமே மறந்துபோயிற்று என்று முகம் மாறாமல் சொன்னாள். நான் உண்மையைச் சொல்லி நல்லவளாகப் பார்த்தேன், அவள் பொய்யைச் சொல்லி அதைவிட நல்லவளாகிவிட்டாள். படத்தை உங்களைக் கேட்டு எடுத்திருக்கணும்க்கா என்று மன்னிப்பு வேறு கேட்டாள். மேடம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தாளை ஆல்பத்தில் சொருகினார். "ரெண்டு பேர் சொல்றதயும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா எது நெசம்னு எனக்குத் தெரியாதா? வகுப்புக்குப் போங்க."

நாற்பது

ரிசல்ட் போனில் வந்தது. நவீன அமெரிக்க வரலாற்றில் அறுபத்தொன்று. அதில் பாதி மரவள்ளியுடையது. கலை ஒப்பீட்டில் நாற்பது. தேர்ச்சிக்கு வேண்டியதும் நாற்பதுதான். மலருக்கு எவ்வளவு என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கு மனப்பாடமாகத் தெரியும், சொல்லமாட்டேன். கால் தரையில் படாமல் உள்ளே ஓடினேன். அத்தை பாப்பாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். அரியர் இல்லை அத்தை என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. பிள்ளையை ஏங்க விட்டுவிட்டு இத்தனை மாதம் போய் வந்ததற்கு ஒரு நாற்பதாவது கிடைத்ததே என்று ஏதோ உளறினேன். அத்தை அடுத்த உருண்டையை உருட்டியபடியே சொன்னார்: "பாஸுதான? அப்ப அடுத்த செமஸ்டருக்கும் போய்க்கினு இரு. புள்ள எங்க ஏங்குது? பஸ்ஸு போனதும் ரெண்டு நிமிசம் அழுவும், அப்பறம் கோழியப் பாக்கப் போயிடும்."

நாற்பது மார்க் வாங்கிப் பிழைத்தவள் அதைக் கொண்டாடாமல், இரண்டு நிமிஷம்தானா என்று ஒரு கோழியின் மேல் வயிறெரிந்து உட்கார்ந்திருக்கிறேன் என்றால், இந்த ஒப்பீட்டுப் படிப்பு எனக்கு நன்றாகவே ஏறியிருக்கிறது என்றுதான் அர்த்தம்.