ஏழு சாண் கட்டில்

அந்தக் கடைக்குள் போனால் நாம் நினைத்த பக்கம் நடக்க முடியாது. தரையில் அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். அது காட்டும் வழியேதான் போகவேண்டும். சோபா வேண்டாதவனும் அத்தனை சோபாக்களையும் சுற்றியாக வேண்டும். சமைக்கத் தெரியாதவனும் இருபது குசினிகளைக் கடந்தாக வேண்டும். நான் போனது ஒரேயொரு கட்டில் வாங்க. என் மகளுக்கு.

மனைவியும் மகளும் அடுத்த வியாழக்கிழமை மெல்பேர்னுக்கு வருவதாக இருந்தது. நான் படகில் வந்து சேர்ந்து பன்னிரண்டரை வருடம். தற்காலிக விசாவில் இருந்தவரை நான் ஊருக்குப் போகவும் முடியாது, அவர்களை இங்கே கூப்பிடவும் முடியாது. ஒருவழியாக எனக்கு நிரந்தர விசாவும் பிறகு அவர்களுக்கு விசாவும் கிடைத்தது. நோபல் பார்க் என்ற புறநகரில் நாலு பேரோடு பங்குபோட்டு இருந்த வீட்டை விட்டு, இரண்டு அறை உள்ள ஒரு யூனிற்றுக்கு மாறினேன். முதல் அறைக்குத் தெரிந்தவர் ஒருவர் தன் பழைய கட்டிலைத் தந்தார். இரண்டாவது அறைக்கும் ஒன்று இருக்கிறது என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். மகளுக்கு நான் என் கையால் தொட்டுப் பார்த்து வாங்கிக் கொடுத்த பொருள் என்று இந்தப் பன்னிரண்டரை வருடத்தில் ஒன்றுமே இல்லை. கட்டிலாவது அப்படி இருக்கட்டும் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை. கடை முழுக்கக் குடும்பங்கள். ஒரு புருசனும் பெண்சாதியும் தலையணை உறையின் நிறத்துக்காக நடுவழியில் நின்று சண்டை பிடித்தார்கள். அவர்களைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது. எனக்குச் சண்டை பிடிக்கக்கூட ஆள் இல்லை. 'எக்ஸ்கியூஸ் மீ' என்று என்னை விலத்திக்கொண்டு போனார்களே தவிர, யாரும் முகத்தைப் பார்க்கவில்லை. பேயாய் அலைந்தேன் என்று சொல்லலாம். ஆனால் பேய்க்குக் கால் இல்லை என்பார்கள், எனக்குக் கால் இரண்டும் நன்றாக நொந்தது.

வழி நெடுக மூன்று சுவர் வைத்த பொய் அறைகள். மேசையில் இருந்த தொலைக்காட்சியைத் தட்டிப் பார்த்தேன், வெறும் அட்டை. குசினிப் பைப்பைத் திறந்தேன், தண்ணீர் இல்லை. என் யூனிற் பரவாயில்லை, அங்கே தண்ணீராவது வரும். வடக்கே தலை வைக்காத மாதிரிக் கட்டிலைப் போடவேண்டுமே என்று யோசித்தேன். அந்த யன்னல் இல்லாத கடைக்குள் வடக்கு எது என்று சூரியனுக்கே தெரியாது. ஒரு பிரிவைத் தவறவிட்டுத் திரும்பி நடந்தபோது எதிரே வந்த தள்ளுவண்டிகள் எல்லாம் என்னைக் குற்றவாளியைப்போல் பார்த்தன. அரை மணித்தியாலம் சுற்றி, கடைக்குள் முதலில் ஏறி வந்த மாடிப்படிக்கே வந்து சேர்ந்தேன். வந்த கோபத்துக்குத் தரையில் இருந்த அம்புக்குறியைக் காலால் ஒரு உதை உதைத்தேன். அது ஒட்டினபடியே இருந்தது.

இரண்டாவது சுற்றில் அந்தக் கட்டிலைக் கண்டேன். வெள்ளை நிறம். பக்கத்தில் விழாமல் இருக்கச் சின்னச் சட்டம். தலைமாட்டில் நட்சத்திரம் வெட்டியிருந்தார்கள். பார்த்ததும் பிடித்துவிட்டது. குந்தியிருந்து கையை விரித்துச் சாண் வைத்து அளந்தேன். ஏழு சாண்.

நான் ஊரைவிட்டு வெளிக்கிடுவதற்கு முதல்நாள், நித்திரையாகக் கிடந்த பிள்ளையையும் இப்படித்தான் அளந்தேன். குதிக்காலில் இருந்து உச்சி வரைக்கும் நாலு சாண். ஏன் அளந்தேன் என்று கேட்டால் தெரியாது. கொண்டுபோக வேறொன்றும் இருக்கவில்லை. படகிலும் முகாமிலும் அந்த நாலு சாணை இருட்டில் நிலத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். நாலு சாண் பிள்ளைக்கு ஏழு சாண் கட்டில் தாராளம் என்று கடையில் என் கை கணக்குப் போட்டது. மூளை அதைத் தடுக்கவே இல்லை.

கட்டிலில் தொங்கிய துண்டில் இருந்த இலக்கத்தைப் பார்த்துக் கீழே கிடங்குக்குப் போய் நாமேதான் பெட்டியை இழுத்தெடுக்க வேண்டும். எடுத்தேன். முதுகு முறிந்தது. பெட்டியைத் தள்ளிக்கொண்டு வரிசையில் நின்றபோது, அங்கே வேலை செய்யும் ஒரு பெண் பெட்டியைப் பார்த்துச் சிரித்து, பிள்ளைக்கு எத்தனை வயது என்று இங்கிலீஷில் கேட்டாள். முழு நாளிலும் என்னோடு கதைத்த முதல் ஆள் அவள்தான்.

"பதினைந்து" என்றேன்.

அவள் பெட்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இது சின்னப் பிள்ளைகளின் கட்டில் என்று மெதுவாகச் சொன்னாள். மகள் எவ்வளவு உயரம் என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. மகளின் முன்பல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தெரியும், இடது புருவத்துக்கு மேல் இருக்கிற அம்மைத் தழும்பு தெரியும். ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன். ஆனால் போனில் பார்ப்பது முகத்தைத்தான். அவள் கதிரையில் இருப்பாள், போன் சீனி போட்டுவைக்கும் தகரப் பேணியில் சாய்ந்திருக்கும். கழுத்துக்குக் கீழே என் பிள்ளை எவ்வளவு நீளம் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அந்தப் பெண்ணுக்கு முன்னால் எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு தகப்பனுக்குத் தெரியவேண்டிய மிகச் சின்ன விசயம் அது.

வீட்டுக்கு எடுத்துக் கேட்கப் பார்த்தேன், கடைக்குள் போனுக்குச் சிக்னல் கிடைக்கவில்லை. பெட்டியை அவளிடம் விட்டுவிட்டு வெளியே கார்த் தரிப்பிடத்துக்கு வந்தேன். திரும்பிப் போவதென்றால் முதல் சோபாவில் இருந்து தொடங்கவேண்டும். போகட்டும்.

கிளிநொச்சியில் அப்போது காலை. மனைவி எடுத்தாள்.

"இஞ்சருங்கோ, என்ன இந்த நேரத்தில? ஏதும் பிரச்சினையோ?"

"ஒண்டுமில்லை. பிள்ளை என்ன உயரம்?"

"என்னை விட ஒரு விரல்கடை கூட. ஏன்?"

மகள் போனை வாங்கி வழக்கம்போலச் சீனிப் பேணியில் சாய்த்தாள்.

"எழும்பி நில் பிள்ளை, பாப்பம்" என்றேன்.

எழும்பினாள். முகம் மேலே போய் மறைந்தது. சட்டையின் இடுப்பு மட்டும் தெரிந்தது. என் போனுக்குள் அவள் கொள்ளவில்லை.

"பின்னால போ. இன்னும் போ."

அவள் பின்பக்கமாக நடந்து எதிர்ச்சுவர் வரைக்கும் போய் நின்றாள். முழுதாகத் தெரிந்தாள். சுவரில் தொங்கிய கலண்டருக்கு மேலே அவளுடைய தலை இருந்தது. நெடிய, மெலிந்த ஒரு பெண். தெருவில் கண்டிருந்தால் இவள் என் பிள்ளை என்று அறியாமல் விலத்திப் போயிருப்பேன்.

"நூத்தி அறுவத்தி மூண்டு சென்ரிமீற்றர்" என்று அங்கிருந்து கத்தினாள். "பள்ளிக்கூடத்தில அளந்தவை. ஏனப்பா?"

என் கையால் ஏழரைச் சாண். அந்தக் கட்டிலில் படுத்தால் கால் வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும்.

"கட்டில் வாங்க வந்தனான்" என்றேன். "சின்னனா எடுத்துப் போட்டன்."

அவள் சிரித்தாள். பிறகு போனுக்குக் கிட்ட வந்தாள்.

"அப்பா, நீங்களும் முழுசாக் காட்டுங்கோவன். நீங்க என்ன உயரம் எண்டு எனக்கும் தெரியாது. நான் உங்களை முழுசாக் கண்டதே இல்லை."

போனைப் பிடித்துக்கொள்ள அங்கே எனக்கு ஆள் இல்லை. பக்கத்தில் யாரோ விட்டுப்போன தள்ளுவண்டி ஒன்று நின்றது. குழந்தைகளை இருத்தும் அதன் சின்ன இருக்கையில் போனை நிமிர்த்தி வைத்துவிட்டு, பின்பக்கமாக நடந்தேன். நான் நின்ற இடத்தில் தன் காரை விட வந்தவன் ஹோர்ன் அடித்தான்.

"இன்னும் பின்னால போங்கோ" என்று மகளின் குரல் கேட்டது.

போனேன். அவ்வளவு தூரத்தில் எனக்கு அவள் முகம் தெரியவில்லை. பிறகு அவள் கூப்பிடுவது கேட்டது.

"அம்மா, ஓடி வந்து பாருங்கோ. அப்பாவுக்குக் காலெல்லாம் இருக்கு."

கார்க்காரன் திரும்பவும் ஹோர்ன் அடித்தான். நான் அசையாமல் நின்றேன்.