துணைக்கால்

மனிதர் ஷாம்பு பாட்டிலின் மேல்தாளை உரித்துக்கொண்டிருக்கிறார். வெந்நீரில் ஊறவைத்து, நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, ஒரே இழுப்பு. கடையிலிருந்து எது வீட்டுக்குள் வந்தாலும் முதலில் அதன் பெயரை உரித்தாக வேண்டும். "பாட்டில் முழுக்க எழுத்து! என்ன கத்து கத்துது பாரு!" என்பார். சமையலறையில் உப்பும் சர்க்கரையும் ஒரே மாதிரி வெள்ளை டப்பாக்களில் இருக்கின்றன. அவர் மனைவி இரண்டையும் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தேநீர் போடுகிறார். "இந்த மனுஷனுக்கு வாக்கப்பட்டு என் நாக்கே செத்துப்போச்சு" என்பது அந்த அம்மாளின் தினசரிப் புலம்பல்.

தொழில், பாட்டுக் குழுக்களுக்கு முகம் செய்து கொடுப்பது. பெயரை எந்த எழுத்தில் எழுதுவது, சுவரொட்டியில் என்ன இருக்கலாம், முக்கியமாக என்ன இருக்கக் கூடாது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. எல்லோரும் 'அழிரப்பர்' என்கிறார்கள். முகத்துக்கு நேராகவே சொல்கிறார்கள். அவரும் விருது கொடுத்த மாதிரி தலையாட்டிக்கொள்கிறார். மாடியறையில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, மீதியெல்லாம் வெள்ளைச் சுவர். வருகிறவர்கள் நின்றுகொண்டுதான் பேச வேண்டும்.

ஒருமுறை ஒரு டிரம்ஸ் குழு தீ, மண்டையோடு, தங்கள் முகங்கள் எல்லாம் வேண்டுமென்று வந்தது. இவர் தீயை அணைத்தார், மண்டையோட்டைத் தூக்கினார், முகங்களை வழித்துப் போட்டார். மூலையில் ஒரு கறுப்பு வட்டம் மிஞ்சியது.

"தேதி எங்க சார்?"

"வர்றவன் விசாரிச்சுட்டு வருவான்."

அப்படி விசாரித்து வந்தவர்கள் அந்தக் குழுவினரின் குடும்பத்தார் மட்டும்தான். ஆனால் சும்மா சொல்லக் கூடாது, சுவரொட்டி அழகாகத்தான் இருந்தது.

சொந்தத் தங்கையாவது தப்பித்திருக்கலாம். பாவம், வருடக்கணக்காகக் கல்யாண மண்டபங்களில் ஊரார் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தவள். இப்போதுதான் சொந்தப் பாட்டு, சொந்தக் குழு என்று துணிந்து, குழுவுக்குப் 'பாடு' என்று பெயரும் வைத்தாள். பெரிய அரங்கமும் கிடைத்தது. பாதி நாற்காலியாவது நிறையாவிட்டால் இந்தப் பக்கமே வரக் கூடாது என்று மேலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அண்ணன் ராப்பகலாக உட்கார்ந்தார். வெள்ளைத் தாள், கனத்த கறுப்பு எழுத்து, படம் கிடையாது. தங்கை அழுததால் தேதியும் இடமும் அடியில் பொடியெழுத்தில் உயிர் பிழைத்தன. அதற்குப் பிறகும் அவருக்குக் கை அரித்தது. 'பா'வின் துணைக்காலை எடுத்துவிட்டு, அது நின்ற இடத்தைக் காலியாக விட்டார். "அந்த வெத்திடத்தைப் பார்த்ததும் கண்ணு தானா கால் போட்டுக்கும்" என்றார்.

எந்தக் கண்ணும் போட்டுக்கொள்ளவில்லை. தெருத்தெருவாகச் சுவர்கள் 'படு' என்று உத்தரவு போட்டன. அரங்கத்துக்குத் தொலைபேசியில் ஒருவர் மெத்தை என்ன விலை என்றார். இன்னொருவர் தூக்கம் வராத வியாதிக்கு எந்த டாக்டர் வருகிறார் என்று கேட்டார். டிக்கெட் கேட்டு ஒரு ஆள் கூப்பிடவில்லை.

தங்கை மாடியேறி வந்தாள். "அண்ணா, ஊர்ல எல்லாரும் பேச்சுக்குத்தான் காலை வாருவாங்க. நீ நிஜமாவே வாரிட்டியே! பாடுன்னு பேர் வச்ச பாவத்துக்கு என்னைப் படாத பாடு படுத்திட்டியே!"

"அந்த இடைவெளியிலதாம்மா அழகே..."

"அழகை நீயே வச்சுக்க. நாளைக்கு நான் காலி நாற்காலிங்களுக்குப் பாடணும். அதோட என் பாட்டு முடிஞ்சுது." கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்துவிட்டது.  அவர் அந்த ஒரே நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார்.

மறுநாள் மாலை. அரங்கத்தின் முன்சுவரில் ஆளுயர எழுத்தில் அதே 'படு', துணியில் தரைவரை தொங்கியது. தங்கை வாசலில் நின்று தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே பேருந்துக்குக் காத்திருந்த கூட்டத்தில் யாரோ, "படுக்கச் சொல்றாங்கப்பா, வா படுத்துட்டுப் போகலாம்" என்று சொல்ல, கொல்லென்று சிரிப்பு. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அழிரப்பர் அதைப் பார்த்தார். விறுவிறுவென்று போய், துணியில் தாம் விட்டிருந்த இடைவெளியில், கறுப்புச் சட்டையும் கறுப்புக் கால்சட்டையுமாக, முதுகைச் சுவரோடு ஒட்டி நின்றார். கைகளை விலாவோடு சேர்த்துக்கொண்டு கால்கள் இரண்டையும் கொஞ்சம் அகட்டினார்.

"ஏய், 'பாடு'டா! பாட்டுக் கச்சேரிடா இது!" என்றது எதிர்ப்பக்கத்தில் ஒரு குரல். இரண்டு பேர் சாலையைக் கடந்து வந்தார்கள். பின்னாலேயே இன்னும் சிலர்.

அவர் அசையவில்லை. வயிற்றை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டார்.