ஏழாவது விளக்கைப் பார்க்கப் போனேன்

சிட்டு, உன் ஏழு விளக்குத் தீவுக்குப் போய்விட்டு வந்தேன்டி.

படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். சிட்டு என் மகள். போன ஆடியில், பன்னிரண்டு வயதில் போய்விட்டாள். அந்தத் தீவு அவள் படித்த இங்கிலீஷ் கதையில் வருவது. பூனாவுக்கு வெளியே ஒரு பூங்காவில் அதை அப்படியே கட்டியிருக்கிறார்கள். நான் ஐந்தாவதோடு நின்றவள், இங்கிலீஷ் வராது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி அவள்தான் தமிழில் கதை சொல்வாள். கடைசியில் மைரா என்ற பெண் படகில் போய்விடுவாள். அவள் அம்மா கரையில் ஏழாவது விளக்கை ஏற்றியதும் படகு திரும்பிவிடும். அதைக் கண்ணால் பார்க்கத்தான் போன புதன்கிழமை கிளம்பினேன்.

பூனாவில் நான் குடியிருக்கும் ஏரவாடாவிலிருந்து 42 கிலோமீட்டர். காலை 7.20க்கு ரிக்‌ஷா பிடித்து ஸ்டேஷன் போனேன், 110 ரூபாய்.

"பிள்ளைங்க இல்லாம அங்க யாரு போவாங்க மௌஷி?" என்று ஓட்டுநர் இந்தியில் கேட்டார். இந்த ஊரில் சித்தியை மௌஷி என்பார்கள்.

"என் பொண்ணு பார்த்துட்டு வரச் சொன்னா" என்றேன். பொய்தான்.

பஸ்ஸுக்கு 65 ரூபாய், ஒன்றே முக்கால் மணி நேரம். நுழைவுச் சீட்டு 900. உள்ளே நீலப் பாலம், மீன் வடிவக் கதவு, காதறுந்த பூனை, எல்லாம் சிட்டு சொன்னபடியே இருந்தன. அப்படியானால் படகும் திரும்பத்தானே வேண்டும்?

படகு வரிசையில் ஐம்பது நிமிடம் நின்றேன். எனக்கு முன்னால், பூனாவின் கராடிப் பகுதியில் வேலை பார்க்கும் ஒரு தமிழ்ப் பெண், கூடவே அவள் மகள், எட்டு வயதிருக்கும். நான் கதையைச் சொன்னதும் குழந்தை என்னை ஒரு மாதிரி பார்த்தது.

"ஆன்ட்டி, நீங்க புக் படிக்கல? மைரா திரும்பி வரமாட்டா."

"ஏய், முடிவைச் சொல்லாதடி" என்று அவள் அம்மா அதட்டினாள்.

"வருவா பாப்பா. நீ சரியா படிச்சிருக்க மாட்ட" என்றேன்.

ஒரு படகில் நான்கு பேர். அந்த அம்மா, மகளோடு என்னையும் ஏற்றினார்கள். உள்ளே இருட்டு. எங்களுக்கு முன்னால் மைரா பொம்மை உட்கார்ந்த சின்னப் படகு போய்க்கொண்டிருந்தது. கரையில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. எண்ணினேன். ஐந்து. ஆறு. பின்பு அம்மா பொம்மை குனிந்து ஏழாவதை ஏற்றியது.

மைராவின் படகு திரும்பவில்லை. புகைக்குள் போய் மறைந்தது. எங்கள் படகு மட்டும் திரும்பிப் படிக்கட்டில் வந்து நின்றது.

"சொன்னேன்ல ஆன்ட்டி" என்றது குழந்தை, மெதுவாக.

போகிறவர்கள் வார நாளில் போங்கள். பதினொன்றுக்கு முன்பே படகு வரிசையில் நின்றுவிடுங்கள், அப்புறம் வெயில் தாங்காது. கடைசி பஸ் 5.40. முடிவு என்னவென்று முன்னாலேயே யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள். வேண்டாம், கேட்காமலே போங்கள். அவள் சொன்ன கதையோடு அந்த ஆறு விளக்கு வரைக்கும் நான் நன்றாகத்தான் இருந்தேன்.

சிட்டு, நீ போகப்போறது தெரிஞ்சுதான் எனக்காக அந்தப் படகைத் திருப்பிவிட்டியா?