கீழ ஒண்ணும் தெரியல

ஒழுங்காக நீந்தத் தெரிந்தவன் சும்மா இருப்பான். அரைகுறையாகக் கற்றவன்தான் ஊரைக் கூட்டுவான். நான் கூட்டினேன். புதுச்சேரியில் நாலு நாள் ஸ்கூபா பயிற்சிக்குப் போய்விட்டு வந்து, ஓசூரில் நான் வேலை பார்க்கும் கம்பெனியின் கேன்டீனில் அளந்த அளப்பு கொஞ்சநஞ்சமில்லை. கடலுக்கடியில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து ஓகே காட்டுகிற என் போட்டோ ஆறு மாதம் வாட்ஸப்பில் இருந்தது. அது போதாதென்று பெங்களூரில் ஒரு டைவிங் கிளப்பில் சேர்ந்து, சிலிண்டரோடு பழைய செட் ஒன்றையும் வாங்கி வீட்டில் எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் வைத்தேன்.

தண்ணீருக்குள் எத்தனை தூரம் கண் தெரிகிறதோ அதை எங்கள் ஆட்கள் விசிபிலிட்டி என்பார்கள். கடலில் நல்ல நாளாக இருந்தால் பத்துப் பதினைந்து மீட்டர். கிளப்பில் எங்களைக் கூட்டிப்போகும் கல்குவாரிக் குட்டையில் மூணு நாலு மீட்டர் கிடைத்தாலே அன்றைக்குத் திருவிழாதான். ஏரி வேறு ஜாதி. மழை பெய்து செம்மண் இறங்கிவிட்டால் டீக்கடை டீயும் அதுவும் ஒன்று. அடியில் வண்டல் படிந்திருக்கும், காலை ஒரு தடவை உதைத்தால் புகை மாதிரி கிளம்பி அரைமணி நேரம் அடங்காது. இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும், வாயளவில். ஏரியில் நான் இறங்கினதே இல்லை.

ஐப்பசி மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. வார லீவு. என் லைனில் வேலை செய்யும் ஆபரேட்டர் ஒருவர் போன் செய்தார். தளிப் பக்கத்து ஆள், வீட்டில் கன்னடம் பேசுகிறவர்.

“சார், உங்ககிட்ட தண்ணிக்குள்ள போற சிலிண்டர் இருக்குதில்ல? எங்க ஊரு ஏரில காலைல ஒருத்தரு எறங்கினவரு மேலயே வரல. பயர் சர்வீஸ்காரங்க கொக்கி போட்டுப் பாக்கறாங்க, மாட்டல. கொஞ்சம் வந்துட்டுப் போங்க சார்.”

ஐயோ பாவம் என்று தோன்றுவதற்கு முன்னால், பார்த்தாயா, நம்மைக் கூப்பிடுகிறார்கள் என்று தோன்றியது. எழுதும்போதே கை கூசுகிறது. மூழ்கினவரைத் தேடுவதற்குத் தனிப் பயிற்சி வேண்டும், நீங்கள் யாரும் அந்த வேலைக்குப் போகவே கூடாது என்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். எனக்கு அது ஞாபகம் வராமலா போனது? வந்தது. வந்தும் காரில் செட்டை ஏற்றினேன்.

ஏரிக்கரையில் ஊரே நின்றிருந்தது. மூழ்கினவர் சாமந்தி பயிர் போட்டிருந்த விவசாயி. மோட்டார் குழாயின் அடியில் தண்ணீரை உறிஞ்சும் புட்வால்வைப் பாசி அடைத்துக்கொண்டதென்று எடுத்துவிட இறங்கியிருக்கிறார். சட்டை, செருப்பு, போன் மூன்றும் கரையில் இருந்தன. அவர் மனைவி அந்தச் சட்டையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். முப்பது வயது இருக்கும். அழவில்லை. நான் செட்டை மாட்ட மாட்ட, ஒவ்வொரு பக்கிளையும் பார்த்துக்கொண்டே இருந்தார், டாக்டரைப் பார்க்கிற மாதிரி.

இடுப்பில் கயிறு கட்டி இறக்கினார்கள். ஒரு முழம் வரைக்கும் பச்சை, அதற்குக் கீழே பழுப்பு, அதற்கும் கீழே கறுப்பு. சும்மா சொல்லவில்லை, காற்று எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று காட்டும் மீட்டரைக் கண்ணாடியில் ஒட்டினாற்போல் பிடித்தும் முள் தெரியவில்லை. அந்த மாதிரித் தண்ணீரில் கண்ணுக்கு வேலையே இல்லை. கையால்தான் தேட வேண்டும். சேற்றில் மண்டியிட்டு, இரண்டு கையையும் விரித்துத் துழாவி, சாண் சாணாக நகர வேண்டும்.

நான் கையை மடக்கி நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டேன். பட்டுவிடக் கூடாதே என்ற பயம். தேடப் போனது எதை, பயந்தது எதற்கு! ஏதோ ஒரு கொடி கன்னத்தில் உரசியதற்கே, தண்ணீருக்குள் வாயில் மூச்சுக்குழாய் ரப்பரைக் கடித்துக்கொண்டே கத்தினேன். அப்படியே மண்ணில் உட்கார்ந்து, மேலே இருப்பவர்கள் தேடுகிறான் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று கயிற்றை அங்குமிங்கும் அசைத்துவிட்டு, பதினைந்து நிமிடம் கழித்து மேலே வந்தேன்.

முகக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னேன்: “கீழ ஒண்ணும் தெரியல.”

கண் தெரியவில்லை என்ற அர்த்தத்தில்தான் சொன்னேன். சத்தியமாக அப்படித்தான். ஆனால் கரையில் நின்றவர்களுக்கு அந்த வார்த்தை வேறு விதமாகப் போய்ச் சேர்ந்தது. அந்தம்மா ஆபரேட்டர் முகத்தைப் பார்த்தார். அவர் கன்னடத்தில் சொன்னார்: “கெளகடெ ஏனூ இல்லவந்தெ.” கீழே ஒன்றுமே இல்லையாம்.

அவர் மேல் என்ன குற்றம்? நான் சொன்னதை அவர் அப்படித்தான் கேட்டார். பன்னிரண்டு வருடமாக ஓசூரில் குப்பை கொட்டுகிற எனக்கு அந்த மூன்று வார்த்தை கன்னடம் புரியாதா? புரிந்தது. இல்லைங்க, எனக்குக் கண்ணே தெரியல, நான் தேடவே இல்லை என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். வாயில் கொழுக்கட்டையா இருந்தது? அத்தனை பேருக்கு முன்னால், அந்த வேஷத்தோடு, அதைச் சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை. பயர் சர்வீஸ்காரர் ஒருவர், “அந்த இடம் முழுக்கப் பாத்தாச்சுங்களா?” என்று கேட்டார். தலையை ஆட்டினேன்.

கம்பெனியில் நான் தரக் கட்டுப்பாட்டு இன்ஸ்பெக்டர். கேஜ் வைத்து அளந்து பார்க்காத பீஸுக்கு ஓகே டேக் போட்டவனை லைனில் எல்லாருக்கும் முன்னால் நிற்க வைத்துத் திட்டியிருக்கிறேன். உனக்கெல்லாம் மனசாட்சி இருக்கா என்றுகூடக் கேட்டிருக்கிறேன்.

அந்த இடம் பார்த்தாச்சு என்று கொக்கியை மதகுப் பக்கம் கொண்டுபோனார்கள். அங்கும் கிடைக்கவில்லை. பொழுது சாயச் சாயக் கூட்டத்தில் பேச்சு மாறியது. முந்தின நாள் அவருக்கும் அவர் அண்ணனுக்கும் வரப்புத் தகராறாம். கோவித்துக்கொண்டு சட்டையையும் போனையும் போட்டுவிட்டு எங்கேயாவது கிளம்பியிருப்பான், ரெண்டு நாளில் தானாக வருவான் என்றார்கள். அந்தம்மாவுக்கு அப்போதுதான் முகத்தில் ரத்தம் வந்தது. நேராக என்னிடம் வந்து, ஈரக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பாதித் தமிழில், “நீங்க நல்லாருக்கணும் அண்ணா” என்றார். நான் கையை இழுத்துக்கொள்ளக்கூட இல்லை.

மறுநாள் வேலைக்கு வந்த ஆபரேட்டர், அந்தம்மா போனில் புருஷன் போட்டோவை வைத்துக்கொண்டு பெங்களூர் பூ மார்க்கெட்டுக்குத் தேடப் போயிருப்பதாகச் சொன்னார். புருஷன் வழக்கமாகப் பூ கொண்டுபோகிற இடமாம். கடை கடையாகக் காட்டிக் கேட்கிறாராம். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். திரும்பவும் கொக்கி போட்டிருப்பார்கள். நான் டீ கிளாஸை வைத்துவிட்டு, “அப்படியா, பாவம்” என்றேன்.

மூன்றாம் நாள் காலையில் அவர் மிதந்தார். நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பத்தடி தள்ளி. அந்தம்மா அப்போதும் மார்க்கெட்டில்தான் இருந்தார். விஷயம் தெரிந்து பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்து, துணியைச் சுற்றிக் கட்டிவிட்டார்கள். மூன்று நாள் தண்ணீரில் கிடந்த முகம், மீன் வேறு. பார்க்க வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்று எல்லார் காலிலும் விழுந்தாராம். காட்டவில்லை. முதல் நாள் சாயங்காலமே எடுத்திருந்தால் தூங்குகிற மாதிரி இருந்திருப்பார். அதைத்தான் நான் அந்தம்மாவிடமிருந்து பறித்தேன். இதை ஆபரேட்டர் சொன்னபோது நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்போல இருந்தது. சாகவில்லை, ஷிப்ட் முடிகிறவரை வேலை பார்த்தேன்.

பதினோராம் நாள் காரியத்துக்கு என்னையும் கூப்பிட்டு அனுப்பினார்கள். இன்றைக்குச் சொல்லிவிடுவது, திட்டினால் வாங்கிக்கொள்வது, அடித்தாலும் சரி என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். வாசலில் இறந்தவரின் அண்ணன் என்னை வரவேற்று, “நம்ம ஆளுக்காகத் தண்ணில எறங்கின சார் இவருதான்” என்று சொந்தக்காரர்களிடம் சொன்னார். அவர்கள் எழுந்து நாற்காலி போட்டார்கள். முதல் பந்தியிலேயே உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தேன்.

சாப்பிட்டுக் கை கழுவும் இடத்தில் அந்தம்மா வந்து நின்றார். சுற்றிலும் யாருமில்லை. சொல்ல வேண்டியதெல்லாம் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அவர்தான் முந்திக்கொண்டார். தமிழை ஒவ்வொரு வார்த்தையாகத் தேடித் தேடிக் கேட்டார்.

“அண்ணா, எல்லாரும் சொல்றாங்க, மொதல்லயே அங்கதான் இருந்தாருன்னு. நான் ஒத்துக்கல. நீங்க பாத்தீங்க, இல்ல. அப்புறமா தண்ணி இழுத்துட்டு வந்து அங்க விட்டிருக்கு. அப்படித்தானே?”

அது ஏரி. அதில் இழுப்பு ஏது? வந்த தண்ணீர் வந்த இடத்தில் நிற்கும். தொட்டியில் இருக்கிற மாதிரி நிற்கும். என் வார்த்தையைக் காப்பாற்றுவதற்காக, ஓடாத தண்ணீரை அந்தம்மா பதினோரு நாளாக மனசுக்குள் ஓடவிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

“ஆமாம்மா,” என்றேன். “தண்ணி இழுக்கும்.”