எங்கள் தெருவில் டிரம்பெட் கேட்டால்

காதுக்குள் புண் வந்துவிட்டது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இயர்போனை மட்டும் கொஞ்ச நாளைக்குத் தொடாதீங்க" என்றார். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று கேட்டேன். பாட்டுக் கேட்காமல் இருக்க முடியாதா என்று அவர் என்னைக் கேட்டார். முடியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அறுபதைத் தாண்டியவள், வேத வசனம் கேட்கிறேன் என்று சொல்லியிருந்தாலாவது மதித்திருப்பார்.

நான் கேட்பது ஜாஸ். தூத்துக்குடியில் இந்த வார்த்தையைச் சொன்னால் ஏதோ வியாதியின் பெயர் என்று நினைத்துக்கொண்டு, எப்போதிலிருந்து என்று விசாரிப்பார்கள்.

அதையும் சொல்லிவிடுகிறேன். துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டுக் கப்பல் ஒன்றின் அதிகாரி, காகிதங்கள் தயாராகும்வரை என் எதிரே உட்கார்ந்து வாக்மேனில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் பார்ப்பதைப் பார்த்து, கேட்டுப் பாருங்கள் என்று நீட்டினார். போகும்போது கேசட்டை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார். காதல் கீதல் ஒன்றும் இல்லை. அந்த ஆளின் முகம்கூட எனக்கு ஞாபகமில்லை.

அதற்கு முன்னால் எனக்குத் தெரிந்த இசையெல்லாம் கோயில் இசைதான்; சர்ச்சைத்தான் நாங்கள் கோயில் என்போம். சாயர்புரம் பக்கம் பிறந்து, ஞாயிறுதோறும் பாடகர் குழுவில் நின்று வளர்ந்தவள். பழைய ஜெர்மன் இசைமேதை ஒருவரின் ராகங்கள் எங்கள் கீர்த்தனைப் புத்தகத்துக்குள்ளேயே இருந்தன. அவர் இசை கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி, எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். மனசு கலைந்து கிடக்கிற நாளில் இன்றும் அவரைத்தான் போடுகிறேன். ஆனால் அவர் எங்கே சுற்றினாலும் கடைசியில் பத்திரமாக வீடு வந்து சேர்ந்துவிடுவார். என் வாழ்க்கை அப்படி இல்லை என்று தெரிய ஆரம்பித்த வயதில்தான் அந்தக் கேசட் வந்தது.

அதில் ஒரு பியானோக்காரர் இருந்தார். தப்பான கட்டையை அமுக்கிவிடுவார். ஆமா, அதுக்கென்ன இப்ப, என்கிற மாதிரி அதையே மறுபடியும் அமுக்குவார். மாமியார் வீட்டில் நான் வாய் திறந்து பேசக் கற்றுக்கொண்டது அவரிடம்தான். ஒரு பாடகி இருந்தார். தாளம் போகட்டும், நான் மெதுவாக வருகிறேன் என்பது போலப் பின்தங்கியே பாடுவார். என் அம்மா இறந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. எல்லாரும் கல்நெஞ்சுக்காரி என்றார்கள். பல மாதம் கழித்து அந்தப் பாடகியைக் கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்தபோது வந்தது. பிந்தி வந்தாலும் அழுகை அழுகைதான் என்று அன்றைக்குத் தெரிந்தது.

என் வீட்டுக்காரருக்கு இதெல்லாம் பிடிக்காது. "கப்பல்காரன் பாட்டு" என்பார். நல்ல மனிதர்தான், காதுதான் சரியில்லை. அதனால் இயர்போனில் கேட்டுப் பழகினேன். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் இயர்போனில்தான் கேட்டேன். ஆளே இல்லாத வீட்டில் யாருக்கு ஒளித்தேனோ தெரியவில்லை.

மகன் தோஹாவில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டதும் போன் வரும். மாத்திரை போட்டீங்களா, கதவைப் பூட்டினீங்களா, சரிம்மா. திங்களிலிருந்து சனிவரை என் குரலை நானே கேட்பது அபூர்வம். சாவுக்கு நான் பயப்படவில்லை. ஒரு திங்கட்கிழமை செத்துப்போனால் ஞாயிறுவரை யாருக்கும் தெரியாதே என்பதுதான் பயம். குளியலறைக்குள் போகும்போதெல்லாம் அந்த நினைப்பு வரும். யாரிடமும் சொன்னதில்லை.

டாக்டர் சொன்னபடி இயர்போனைத் தூக்கி வைத்துவிட்டு, மகன் அனுப்பிய ஸ்பீக்கரை ஒருநாள் சாயங்காலம் எடுத்தேன். கடல் காற்றுக்காக ஜன்னல்களைத் திறந்து வைத்திருந்தேன். டிரம்பெட்காரர் ஒருவரைப் போட்டேன். கூட்டத்தோடு நின்று ஊதினாலும் தனியாகவே நிற்கிற மனிதர். அவரை முதல்முறையாக வீடு முழுக்கக் கேட்டேன். சத்தத்தைக் கூட்டினேன். இன்னும் கொஞ்சம் கூட்டினேன்.

எங்கள் தெரு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற வழியில் இருக்கிறது. என்னைத் தவிர ஏறக்குறைய எல்லாரும் மாதா கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கர்கள். அங்கே சாவு விழுந்தால் முதலில் கோயில் மணி அடிக்கும், பிறகு பேண்டு செட்டு வந்து, டிரம்பெட்டில் இழுத்து இழுத்துத் துக்கப் பாட்டு வாசிக்கும். வாழ வந்த நாளிலிருந்து கேட்கிறேன். ஆனாலும் அன்றைக்கு அது என் புத்தியில் படவில்லை.

கதவு தடதடவென்று தட்டப்பட்டது. திறந்தால் எதிர்வீட்டுக்காரி. கணவன் விசைப்படகில் போகிறவன். அவள் என்னிடம் இதுவரை பேசியதெல்லாம் தண்ணீர் வந்துச்சா என்பதைப் பற்றித்தான். தலையில் சேலை முந்தானையைப் போட்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. அவளுக்குப் பின்னால் முனைக் கடை அண்ணாச்சி. கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்திருந்தார்.

"யக்கா, நீங்களா?" என்றாள்.

"நான்தான். இந்த வீட்டுல வேற யாரு இருக்கா?"

"பேண்டு சத்தம் கேட்டுச்சு. கோயில்ல மணி அடிக்கலியே, அதுக்குள்ள ஒங்க மவன் வந்து எல்லாம் ஏற்பாடு பண்ணிட்டாவளோன்னு நெனச்சிட்டேன். எதுத்த வீட்டுல இருக்கோம், நமக்கு ஒரு வார்த்த சொல்லலியேன்னு..." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

அண்ணாச்சி உள்ளே எட்டிப் பார்த்து, "ஸ்பீக்கரா? நல்லா இருக்கு போங்க. நான் பாதி ஷட்டர இறக்கிட்டுல்லா ஓடி வந்திருக்கேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க முடியவில்லை. எனக்காக ஒருத்தி அழுதிருக்கிறாள், அதை நான் உயிரோடு நின்று பார்த்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டுப் பாட்டை நிறுத்தப் போனேன்.

"நிறுத்தாதிய" என்றாள். வாசல்படியிலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் கேட்டாள். "நம்ம பேண்டுக்காரன் மாதிரிதான் ஊதுதான். ஆனா நடுவுல நடுவுல மூச்சு முட்டி நிக்கான். பாவம், யாரு செத்துப் போனாவளோ." ஜாஸைப் பற்றி நான் படித்த எதிலும் இதைவிடச் சரியாகச் சொல்லப்படவில்லை என்று எழுத ஆசைதான். எழுதினால் அவள் சிரிப்பாள். அந்த வாத்தியக்காரருக்குப் பக்கத்தில் நான் மட்டும் உட்கார்ந்திருந்த இடத்தில் இன்னொரு ஆள் வந்து உட்கார்ந்தது, எனக்கு அது போதும்.

எழுந்தபோது சொன்னாள். "யக்கா, தெனமும் சாயங்காலம் இதப் போடுங்க. கேட்டா நீங்க இருக்கீயன்னு தெரிஞ்சுக்கிடுவேன். கேக்கலன்னா வந்து கதவத் தட்டுதேன்."

நான் வாய்விட்டுச் சொல்லாத பயத்துக்கு அவள் பதில் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து தினமும் போடுகிறேன். பியானோக்காரர், பாடகி, எல்லாரும் இப்போது தெருவுக்குத் தெரிந்தவர்கள். வெளியே பார்த்தால் அவள் சோற்றை வடித்துக்கொண்டோ துணி எடுத்துக்கொண்டோ இருப்பாள். திரும்பிப் பார்க்க மாட்டாள். கேட்கிறது, இருக்கிறேன், அவ்வளவுதான். வீட்டுக்குள் வர அவளுக்குக் காரணம் ஏதும் இல்லாமல் போய்விட்டது.

நேற்று நான் எதையும் போடவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை, ஸ்பீக்கரும் நன்றாகத்தான் இருந்தது. விளக்கைப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பினார்கள். எதிர்வீட்டில் குக்கர் கத்தியது. பிறகு அவள் வாசல் கேட் திறக்கிற சத்தம், அப்புறம் செருப்புச் சத்தம்.

"யக்கா."

தட்டினாள். நான் உடனே எழுந்திருக்கவில்லை. இன்னொரு தடவை தட்டட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.